சனிக்கிழமைச் சுற்று: சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப், மலை ஏறினால் கேரள எல்லையில் குமுளி. இந்த வட்டத்துக்குள் தனியாக இருக்கிற, கையில் காசு புழங்காத வயசானவர்களை வாரம் ஒருநாள் போய்ப் பார்ப்பதுதான் நாங்கள் செய்கிற வேலை. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொல்லிச் சொல்லித் தொண்டை போய்விட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

யாரைப் பார்க்கப் போகிறீர்கள்?

பெரும்பாலும் மலைக்குப் போனவர்களை. எங்கள் ஊரில் 'மலைக்குப் போறது' என்றால் சாமி கும்பிடப் போவதென்று நினைத்துவிடாதீர்கள். விடிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் இறங்கி வருவது. போடிக்காரர்களுக்குப் போடிமெட்டு. முப்பது நாற்பது வருஷம் அப்படிப் போய் வந்த பெண்கள் இன்றைக்கு அறுபத்தைந்து, எழுபது வயதில் முட்டி தேய்ந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாம் நாள்கூலி. பி.எஃப். கிடையாது, பணிக்கொடை கிடையாது, கங்காணி நோட்டில் இருந்த பெயரும் கங்காணியோடு போயிற்று. புத்தடி, போடி ஏல மையங்களில் ஏலக்காய் என்ன விலைக்குப் போனாலும் அது இவர்கள் வீட்டு அடுப்பு வரைக்கும் வந்ததில்லை.

இன்னொரு கூட்டம், வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கம் தேயிலை எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 2000-க்குப் பிறகு அங்கே பல எஸ்டேட்கள் மூடியபோது சிலர் கீழே இறங்கி வந்தார்கள், சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இவர்கள் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும், பயப்படாதீர்கள், இரண்டாவது வாரம் உங்களுக்கே ஒட்டிக்கொள்ளும்.

அரிசி, துணி, மருந்து எல்லாம் கொடுப்பீர்களா?

ரொம்பக் குறைவு. யாருக்காவது அவசரம் என்றால் நாங்களே கையில் இருப்பதைப் போட்டு வாங்கித் தருவோம், அவ்வளவுதான். நம் வேலை அரசாங்கம் ஏற்கெனவே தருவதை அவர்கள் கைக்கு வரச் செய்வது. மனு எழுதுவது, வரிசையில் நிற்பது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொண்டுவருவது, அப்புறம் உட்கார்ந்து பேசுவது. கேட்டால் சாதாரணமாக இருக்கும். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருவருக்கு ஒரு மனுவை மேசை மேசையாக நகர்த்துவது நாலு நாள் கூலியும் நாலு தடவை பஸ் செலவும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாரா வாரம் வர முடியாது. மாதம் ஒருமுறை வந்தால் போதுமா?

தாராளமாக வாருங்கள், ஆனால் எந்த சனிக்கிழமை என்று சொல்லிவிட்டு அந்த சனிக்கிழமையே வாருங்கள். இதில் மட்டும் நான் கறார்.

ஆரம்பத்தில் ஒரு கல்லூரிப் பையன் வந்தான், நல்ல பையன், எல்லார் வீட்டிலும் "அடுத்த வாரம் வரேன் சீயான்" (எங்கள் பக்கம் சீயான் என்றால் தாத்தா) என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனான். பரீட்சை வந்தது, வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது கூடலூர்ப் பக்கம் ஒரு சீயான் முகச்சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அந்தத் தம்பி வரலையா?" என்றுதான். அதற்கடுத்த வாரமும் அதே சட்டை, அதே கேள்வி. அதிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம்: நிச்சயமாக வர முடியுமென்றால் மட்டும் நாளைச் சொல்வது. தெரியாதென்றால் "எப்ப வருவேன்னு தெரியல ஆத்தா" என்று சொல்லிவிடுவது. அவர்கள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள், வாழ்க்கை முழுக்க அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள்.

முதியோர் உதவித்தொகை எவ்வளவு? யாருக்குக் கிடைக்கும்?

தமிழ்நாட்டில் மாதம் 1,200 ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து. அதற்கு முன் 1,000. ஊரில் பலர் இன்னும் 'ஆயிரம் ரூபா பணம்' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் மகளிர் உரிமைத்தொகை ஆயிரத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. முதியோர் பணம் வாங்குபவருக்கு உரிமைத்தொகை கிடையாது என்பதால், உரிமைத்தொகைக்கு அலைந்துகொண்டிருக்கிற ஆதரவற்ற எழுபது வயது ஆத்தாவிடம் முதலில் முதியோர் பணத்துக்கு எழுதலாம் என்று சொல்லுங்கள், இருநூறு ரூபாய் கூட வரும்.

வயது 60 ஆகியிருக்க வேண்டும், பிழைக்க வேறு வழி இல்லாதவராக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்த்து, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். நமக்கு அது உத்தமபாளையம். உதவித்தொகை வாங்குபவர்களுக்குப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும் உண்டு, அதை வாங்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு கொசுறு. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962-ல் மாதம் 20 ரூபாயோடு ஆரம்பித்தது. இன்றைக்கும் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை 200 ரூபாய்தான், 80 ஆனால் 500. மீதியை மாநிலம் போடுகிறது. 200 ரூபாய்க்குக் கம்பம் சந்தையில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வயது எழுபது இருக்கும், ஆனால் ஆதாரில் ஐம்பத்தாறு என்று இருக்கிறது. என்ன செய்வது?

இதுதான் எங்களுக்கு வருகிற தலைவலிகளில் பெரியது. ஆதார் எடுத்த காலத்தில் 'வயசு என்ன' என்று கேட்டிருக்கிறார்கள், ஆத்தா தோராயமாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார், ஜனவரி ஒன்றாம் தேதி என்று போட்டு முடித்துவிட்டார்கள். அண்ணா செத்த வருஷம் என்று இவர்கள் சொல்கிற கணக்கு கம்ப்யூட்டருக்குப் புரியாது.

அவசரப்பட்டு முதல் நாளே இ-சேவையில் திருத்தம் போட்டுவிடாதீர்கள். ஆதாரில் பிறந்த தேதியை வழக்கமாக ஒரே ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், தப்பான தாளை வைத்து அந்த ஒரு தடவையைச் செலவழித்துவிட்டால் அப்புறம் பெரிய அலைச்சல். முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய வாக்காளர் அட்டை, மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தால் பள்ளிச் சான்று, பிள்ளைகளின் சான்றிதழ், எஸ்டேட்டில் கொடுத்த ஏதாவது சீட்டு. மூத்த மகனுக்கு ஐம்பத்திரண்டு வயது என்றால் அம்மாவுக்கு ஐம்பத்தாறாக இருக்க முடியாது என்பதை ஓர் அதிகாரிக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறேன். மூன்றாவது முறை அவரே சிரித்துவிட்டார்.

வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது. யாரைக் கேட்பது?

யாரையும் கேட்பதற்கு முன் பாஸ்புக்கைப் பாருங்கள், அப்புறம் 'வேறு எந்த பேங்கிலாவது கணக்கு ஆரம்பிச்சீங்களா?' என்று நைசாகக் கேளுங்கள். ஆதார் எண்ணை வைத்து அனுப்பும் பணம் கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தார்களோ அங்கேதான் போகும். குழுக் கடனுக்கு என்று எவனோ ஒரு ஆள் வீட்டுக்கே வந்து கட்டைவிரல் வைக்கச் சொல்லிப் புதுக் கணக்கு திறந்திருப்பான். பணம் நிற்கவே இல்லை, ஏழு மாதமாக அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது என்று கண்டுபிடித்த கதைகள் எங்களிடம் இரண்டு இருக்கின்றன. அதில் ஓர் அம்மாச்சிக்கு ஒரே நாளில் எட்டாயிரத்துச் சொச்சம் கைக்கு வந்தது. அன்றைக்கு எங்களுக்கெல்லாம் கோழிக்குழம்பு.

கணக்கு சரி என்றால் அடுத்தது கே.ஒய்.சி., அதற்கடுத்தது தாலுகா அலுவலகத்தில் 'ஆள் இல்லை' என்று யாராவது எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது. மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருப்பார், விசாரிக்க வந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். உயிரோடு இருக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டுபோய் எதிரில் உட்கார வைத்தாலே பாதி வேலை முடியும்.

கேரளத்தில் பணம் கூடவாமே? அங்கே பதிந்துவிடலாமா?

கூடத்தான். அங்கே சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 1,600 ஆக இருந்து 2025 நவம்பரிலிருந்து 2,000 ரூபாய் ஆகியிருக்கிறது. விவசாயத் தொழிலாளர்களுக்கு 1980-லேயே 45 ரூபாய் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்த மாநிலம் அது. எல்லையில் இருந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, குமுளி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நாலு எட்டு வைத்தால் எண்ணூறு ரூபாய் வித்தியாசம்.

ஆனால் அங்கே உண்மையாகவே குடியிருப்பவர்களுக்குத்தான். வண்டிப்பெரியாற்று லயத்தில் நாற்பது வருஷம் இருந்து, அங்கேயே ரேஷன் கார்டும் ஓட்டும் வைத்திருப்பவர் என்றால் அது அவர் உரிமை, மலையாளத்தில் மனு எழுதத் தெரிந்த நம் ஆள் ஒருவர் இருக்கிறார், கூடப் போவார். அங்கே 'மஸ்டரிங்' என்று ஒன்று உண்டு, உயிரோடு இருக்கிறேன் என்று அக்ஷயா மையத்தில் (அந்தப் பக்கத்து இ-சேவை) போய்ப் பதிந்துவிட்டு வர வேண்டும், அதை மறந்தால் பணம் நிற்கும். இரண்டு பக்கமும் கார்டு வைத்து இரண்டு பக்கமும் வாங்கலாமா என்று கேட்டால் நாங்கள் அதற்கு உதவ மாட்டோம். மாட்டிக்கொண்டால் இருப்பதும் போய், வாங்கியதையும் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், அந்த வயதில் அதைத் தாங்க முடியாது.

ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்கிறார்கள்.

விழாது. மண்வெட்டி, கவாத்துக் கத்தி, ஏலக்காய்ச் சாறு என்று முப்பது வருஷம் பட்ட விரல், ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கும். இதற்காகத் திரும்ப அனுப்பினால் விடாதீர்கள், கண் கருவிழியை வைத்துப் பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்கே வர முடியாதவர் என்றால் அவருக்குப் பதில் இன்னொருவர் வாங்குவதற்கு அங்கீகாரப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரே வாங்கி வரலாம். தாயுமானவர் திட்டம் என்று 2025 ஆகஸ்டில் ஆரம்பித்திருக்கிறார்கள், நடமாட முடியாத வயசானவர்கள் வீட்டுக்கே பொருளைக் கொண்டுவருவது. ஆரம்பத்தில் 70 வயதுக்கு மேல் என்று வைத்தார்கள். உங்கள் தெருவில் யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஒரு பட்டியல் போட்டுத் தந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

மகன் வீட்டில் இரண்டு மாதம், ஊரில் இரண்டு மாதம் என்று எல்லை தாண்டித் தாண்டி இருப்பவர்களுக்கு ஒரே நாடு ஒரே ரேஷன் முறையில் அந்தப் பக்கத்துக் கடையிலும் அரிசி வாங்க வழி இருக்கிறது. ஆனால் முன்னுரிமை அட்டைக்கும் அந்தியோதயா அட்டைக்கும் மட்டும், அதுவும் அரிசி கோதுமைதான். பருப்பு, பாமாயில் எல்லாம் சொந்த மாநிலத்துக் கடையில்தான்.

மருந்து விஷயத்தில் நாங்கள் என்ன செய்யலாம்?

படித்துச் சொல்லலாம், அடுக்கி வைக்கலாம், எப்போது தீரும் என்று குறித்து வைக்கலாம். கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, "எங்க அம்மாவுக்கும் இதே மாத்திரைதான்" என்று ஆரம்பிக்கவே கூடாது.

சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வருகிறது சரி, அதைச் சாப்பிடுவதுதான் பிரச்சனை. படிக்கத் தெரியாது, இரண்டு மாத்திரையும் வெள்ளையாக இருக்கும், ஒன்றைக் காலையில் மட்டும், இன்னொன்றை இரண்டு வேளை. ஒரு வீட்டில் "மாத்திரையா? அது கசக்குது, கோழிக்குப் போட்டேன்" என்றார்கள், அந்தக் கோழி நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் பழைய சேலைத் துணியில் சின்னப் பைகளாகத் தைத்து, காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா என்று கலர் நூலில் போட்டுக் கொடுக்கிறோம். தைப்பது எங்கள் குழுவில் உள்ள ஒரு டெய்லர் அக்கா. கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவும் வாங்கிப் பார்த்தோம், மூடியைத் திறக்க அவர்கள் விரலில் பலம் இல்லை.

சுகர் உள்ளவர்கள் என்றால் போனதும் காலைப் பாருங்கள். வெறுங்காலோடு திரிந்த பாதம், முள் குத்தியதே தெரியாது. 'காலைக் காட்டுங்க' என்றால் கூச்சப்படுவார்கள், அதனால் செருப்பு அளவு எடுக்கிறேன் என்று சொல்லிப் பார்ப்போம். சின்னப் பொய், செருப்பும் வாங்கிக் கொடுத்துவிடுவதால் மன்னிக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

சில நாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை, ஆனால் சீயானுக்கு எடுக்க வேண்டும், அதனாலேயே ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வருவார், சீயான் வர மாட்டார். கம்பம் அரசு மருத்துவமனையில் முடியாதது என்றால் கானாவிலக்கில் இருக்கிற தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கு முழு நாள் போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள், குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் எடுக்கலாம். ஆள் வலியில் துடிக்கும்போது அட்டைக்கு அலைவது கொடுமை.

கண் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வயசானவர்கள் தடுமாறி விழுவதற்குக் கண்புரையும் ஒரு காரணம். மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் கிளை இருக்கிறது, முகாமில் வைத்துப் பார்த்துக் கூட்டிப்போய் இலவசமாக அறுவை செய்து அனுப்புவார்கள். அதனால் ஆபரேஷன் கஷ்டமில்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டும், தனியாக இருக்கிறவருக்கு யார் விடுவது? தன் கண்ணில் தானே விட்டால் பாதி கன்னத்தில் வழியும். விறகு அடுப்புப் புகை வேறு. எனவே முகாமுக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணையோ பள்ளிக்கூடப் பையனையோ பேசி வைத்துவிடுங்கள். பள்ளிப் பையன்கள் இதில் கெட்டிக்காரர்கள், மணி தவற மாட்டார்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை என்ன செய்வது?

இதில் எல்லைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். கோழிக்கோட்டில் 1993-ல் மருத்துவக் கல்லூரியை ஒட்டி ஆரம்பித்த வலி தணிப்புச் சிகிச்சை, அப்புறம் ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போகிற அமைப்பாக வளர்ந்தது, 2008-ல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே கொண்டுவந்தது. குமுளியில் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து புண் கட்டிவிட்டுப் போவதை நாங்கள் கூடவே நின்று பார்த்திருக்கிறோம். டாக்டர் அல்லாதவர்களும் செய்யக்கூடிய வேலை எவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்து விடுவது, ஈரம் தங்காமல் துடைப்பது. வாரம் ஒருநாள் போகிற நம்மால் இதைச் செய்ய முடியாது, வீட்டில் இருப்பவருக்குச் சொல்லித் தர முடியும். அந்த வீட்டில் இருப்பவரும் பெரும்பாலும் எழுபது வயது மனைவியாகத்தான் இருப்பார், அவருக்கு இடுப்பு வலி என்ன என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எப்படிக் கூப்பிடுவது?

ஆத்தா, அப்பத்தா, அம்மாச்சி, சீயான், அய்யா, வீட்டுக்கு வீடு மாறும். முதல் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிக் கூப்பிடுகிறது என்று கவனித்துவிட்டு அப்படியே கூப்பிடுங்கள். 'பாட்டி' வேண்டாம், அது டவுன் பேச்சு. அறுபத்தெட்டு வயது ஒருவர் என்னிடம் "அப்பத்தாவா? பெரியம்மான்னு கூப்பிடு, எனக்கென்ன அம்புட்டு வயசா ஆயிருச்சு" என்றார், பெரியம்மா என்றே கூப்பிடுகிறேன்.

அந்தத் தெருவுக்குள்ளும் போவீர்களா?

இதை யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்பார்கள். எல்லாத் தெருவுக்குள்ளும் போவோம். வரக்காப்பி கொடுத்தால் உட்கார்ந்து குடிப்போம். குடிக்காமல் 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று நழுவினால் அது என்ன என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இது முடியாது என்றால் வேறு நல்ல காரியங்கள் ஊரில் எவ்வளவோ இருக்கின்றன.

பணத்தைக் கையாள வேண்டி வருமா?

கூடாது. ஏ.டி.எம். கார்டை வாங்காதீர்கள், ரகசிய எண்ணைக் கேட்காதீர்கள், அவர்களே சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். பாஸ்புக், ஆதார் எதையும் ஒரு ராத்திரி கூட உங்கள் வீட்டில் வைக்காதீர்கள், போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பதிவு போடலாம் என்று ஒருவர் பாஸ்புக்கை வாங்கி வந்தேன், அன்று பேங்க் மூடிவிட்டது, திங்கட்கிழமை கொடுத்தேன். இரண்டே நாள்தான். அதற்குள் 'கெழவி பணத்தை எழுதி வாங்கிட்டாங்க' என்று தெரு முழுக்கப் பேச்சு, மகன் திருப்பூரிலிருந்து போனில் கத்தினார். அவர் கத்தியதில் தப்பு இல்லை, நான் அவர் இடத்தில் இருந்தாலும் கத்தியிருப்பேன். யாராவது போனில் ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டார்கள் என்றால் தாமதிக்காமல் 1930-க்கு அடியுங்கள்.

கடைச் சாமான் வாங்கித் தரச் சொன்னால் அவர்கள் பணத்தில் வாங்கி, பில்லும் சில்லறையும் அவர்கள் கையில். வெற்றிலை பாக்கு வாங்கித் தருவோம். போயிலை வாங்கித் தருவதா வேண்டாமா என்று எங்களுக்குள் மூன்று வருஷமாகச் சண்டை, இன்னும் தீரவில்லை. நான் வாங்கித் தரக்கூடாது என்கிற கட்சி, டெய்லர் அக்கா எதிர்க்கட்சி.

பிள்ளைகள் இருந்தும் பார்க்கவில்லை. சட்டம் ஏதும் உண்டா?

உண்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், நமக்கு உத்தமபாளையம். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பவர்களுக்கு 23-ஆம் பிரிவு இருக்கிறது: பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அப்படிப் பார்க்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம். ஆகவே செட்டில்மெண்ட் எழுதப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள், இது வாய்வார்த்தையாக இருந்தால் பின்னால் இழுபறி.

ஆனால் மனு போடுகிறீர்களா என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்பார்கள். "எம்புள்ளைய நானே கோர்ட்டுக்கு இழுக்கவா?" அந்த முடிவு அவர்களுடையது, நாம் தூண்டிவிடக் கூடாது. அடி, பட்டினி என்று இருந்தால் மட்டும் சும்மா இருக்க மாட்டோம். 14567 முதியோர் உதவி எண், இலவசம், அதை எல்லார் வீட்டுச் சுவரிலும் கரியில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். மகன்களைப் பற்றியும் உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற மகனுக்கு ஊருக்கு வந்து போக ஆகும் செலவு ஒரு வாரக் கூலி.

பிறந்தநாளுக்கு அன்னதானம் போடலாமா? பழைய துணி இருக்கிறது, தரலாமா?

அக்டோபர் 1 உலக முதியோர் நாள். அன்றைக்கு எங்கள் போன் ஓயாது. அக்டோபர் 2 அன்று ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். சாப்பாடு போடுவதைத் தடுக்கவில்லை, ஆனால் ஒரே நாளில் மூன்று பேர் பிரியாணி கொண்டுவந்தால் என்ன செய்வது, அதுவும் பல் இல்லாதவருக்கு? மாதா மாதம் இரண்டு கிலோ கேப்பை மாவு என்று நாலு வீட்டுக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டால் சந்தோஷம். துணி என்றால் நூல் சேலை, லுங்கி, சாரல் மாதங்களுக்குக் கம்பளி, அதுவும் துவைத்தது. போன வருஷம் ஒரு மூட்டையில் ஜீன்ஸ் வந்தது. போட்டோ எடுத்துப் போடுவது கிடையாது. வாங்குகிற கையைப் படம் பிடித்தால் அடுத்த வாரம் அந்த வீட்டுக் கதவு திறக்காது, நேரில் பார்த்துவிட்டோம்.

போகும்போது ஆள் இறந்திருந்தால்?

இரண்டு தடவை நடந்திருக்கிறது. பயப்படாதீர்கள், தனியாக உள்ளே போகாதீர்கள், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள், எனக்குச் சொல்லுங்கள். உறவுக்காரர்களின் எண்களை முதல் மாதமே வாங்கி வைப்பது இதற்காகத்தான். அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது கால் தானாக நிற்கும். நிற்கட்டும்.

உங்கள் குழுவுக்குப் பெயர் என்ன? பதிவு செய்ததா?

பெயர் இல்லை, பதிவும் இல்லை. நன்கொடை வாங்காததால் இதுவரை தேவைப்படவில்லை. வீட்டுக்காரர்கள் 'சனிக்கிழமைக்காரங்க' என்கிறார்கள்.

சரி, வருகிறேன். முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

காலை எட்டரைக்குக் கம்பம் பழைய பஸ் ஸ்டாண்ட் டீக்கடை. குடை, இரண்டு பேனா, வெள்ளைத் தாள், மை டப்பா, நாற்பது வயது தாண்டியிருந்தால் உங்கள் படிக்கிற கண்ணாடி. நாய்க்குப் பயமென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூடலூர்த் தெரு வேறு ஆளுக்கு. முதல் மூன்று வாரம் தனியாக அனுப்ப மாட்டேன், பழைய ஆள் ஒருவரோடு போய்ப் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணிக்குள் முடியும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வராதீர்கள், மூன்று ஆகும்.